செருப்பின் அடிப்பக்கம்

"இத எதுக்கு வாங்கின?"

ஜெர்வின் வாசற்படியில் நின்று கேட்டான். குளித்துத் தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு, பெண் கேட்கப் போகிற மாப்பிள்ளைக்கு வேண்டிய லட்சணத்தோடுதான் இருந்தான். அவன் காலடியில் நான் சந்தையில் வாங்கி வைத்திருந்த நீலவார் செருப்பு கிடந்தது. விலைச்சீட்டைக் கிழித்த இடத்தில் பசை இன்னும் போகவில்லை.

"பொண்ணு கேக்கப் போற எடத்துக்குப் பழசையா மாட்டிக்கிட்டுப் போவாங்க?"

"பழசுல ஒண்ணும் இல்லம்மா. நீதான் தெனமும் திருப்பிப் பாத்தியே."

சுருக்கென்று கோபம் வந்தது எனக்கு. அவன் சொன்னதற்காக இல்லை. நான் ஏற்கெனவே திருப்பிப் பார்த்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறதே, அதற்காக. காலையில் அவன் எழுவதற்கு முன்பு அடுப்பு மூட்டப் போகிற வழியில் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகி விட்டது. பழைய செருப்பில் வலது கால் வெளியோரம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அவனுக்கு மூன்று சக்கர வண்டிகளைப் பழுது பார்க்கிற வேலை, நாள் முழுக்க வலது காலால் உதைத்து உதைத்துத்தான் எஞ்சினைக் கிளப்புகிறான், அதனால் தேய்ந்திருக்கும். அதனால்தான் தேய்ந்திருக்க வேண்டும். நேற்று அதைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டுப் புதிதை வாங்கி வந்தேன். ரப்பர் எரிந்த நாற்றம் சாயங்காலம் வரை வீட்டை விட்டுப் போகவில்லை.

எங்கள் கரையில் ஆண்பிள்ளை பெற்றவள் எவளும் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுக்காமல் இருந்ததில்லை. பனாய் தீவில் எங்கள் பக்கத்துக்கென்றே வாய்த்த நோய் இது. லூபாக் என்போம். ஆண்களைத்தான் பிடிக்கும். முப்பது, நாற்பது வயது வரை வலை இழுத்தவன், மூட்டை தூக்கியவன், ஒரு நாள் கால் கட்டைவிரல் தன்னால் மடங்குகிறது என்பான். பிறகு கழுத்து ஒரு பக்கம் முறுக்கும், தாடை இறுகும், நாக்கு சொன்ன பேச்சைக் கேட்காது. கடைசியில் உடம்பு விறைத்துப்போய், செருப்பைத் தரையில் இழுத்து இழுத்து நடப்பான். அந்தச் சத்தம் தெரு முனையில் கேட்டாலே இன்னார் வருகிறார் என்று பெண்கள் தலையைக் குனிந்துகொள்வோம். மணிலாவிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள் எங்கள் ஊரைப் பேய்களின் ஊர் என்று படம் பிடித்துப் போகிறார்கள். அவர்கள் மூஞ்சியில் சிப்பி கழுவின தண்ணீரை வீசி ஊற்ற எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

"கெளம்பலாமா?" என்று உள்ளேயிருந்து ரோஹெலியோ கேட்டான். என் தம்பி. அவனுக்குத் தாடையில் பிடிப்பு. பேச வேண்டுமென்றால் மோவாயில் ஒரு விரலை வைத்துக்கொள்ள வேண்டும். விரல் பட்டால் தாடை இளகும், எடுத்தால் பூட்டிக்கொள்ளும். ஏன் என்று கேட்டால் டாக்டர்களே, அது மூளையை ஏமாற்றுகிற ஒரு வித்தை, எங்களுக்கும் முழுக்கப் புரியவில்லை என்கிறார்கள்.

"நீ எங்க கெளம்புற?" என்றேன்.

"பையனுக்கு அப்பன் இல்ல. தாய்மாமன் நான்தான் பேசணும். அதான முறை?"

"சர்ச் கோயில்பிள்ளைகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவர் பேசுவாரு."

"அவருகிட்ட நேத்தே போய் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

நான் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தேன். கூடைக்குள் நண்டுகள் புரண்டன. "உனக்கு மூளை இருக்கா? அந்த வீட்டு நடு எடத்துல போய் வாயில விரல வச்சிக்கிட்டு உக்காருவியா? பொண்ணு குடுக்கணும்னு நெனைக்கிறவன் கூட எழுந்து ஓடிடுவான்."

"மூளை இருக்குக்கா. படமே எடுத்திருக்காங்க." சிரித்தான். சிரித்தால் அவன் கழுத்து இடப்பக்கம் திரும்பி மாட்டிக்கொள்ளும். கையால் தலையைப் பிடித்து நேராக்கிக்கொண்டு சொன்னான். "என்னைய மறைச்சுப் பொண்ணு கேட்டா, நாளைக்குத் தெரியாமலா போயிரும்? ரோசெல்கிட்ட எல்லாத்தையும் இவனே சொல்லிட்டான். அவங்க அப்பன்கிட்ட மட்டும் எதுக்கு நாடகம்?"

ஜெர்வின், பெண் வீட்டுக்கென்று கட்டி வைத்திருந்த கோழியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, புதுச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, மாமனுக்காகப் படியிறங்கிக் காத்து நின்றான். இரண்டு பேருமாகச் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள் என்று புரிந்தது. எனக்கு எரிந்தது.

அந்தப் படம் எடுத்த கதையையும் சொல்லிவிட வேண்டும். போன வருடம் சுகாதார நிலையத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தாள். விலாருஸ் என்று பெயர். நல்ல மாதிரிதான், எங்கள் பாஷையிலேயே பேசினாள். நோய் வந்தவர்களின் மூளையைப் பெரிய இயந்திரத்தில் படம் பிடிக்கிறார்களாம், மணிலாவுக்கு வர முடியுமா என்று கேட்டாள். ரோஹெலியோ போனான். துணைக்குப் போன ஜெர்வினிடமும், உனக்கு நோய் இல்லை, ஆனால் அதே குடும்பம், ஒப்பிட்டுப் பார்க்க உன் படமும் வேண்டும் என்றார்கள். இவனும் போய் அந்தக் குழாய்க்குள் படுத்துவிட்டு வந்தான். பிறகு டாக்டரம்மா ஊருக்கு வந்து எங்களை உட்கார வைத்து விளக்கினாள். மூளை ஒரே கட்டி இல்லையாம். பல இடங்கள், ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றனவாம். இந்த நோயில் சில இடங்களுக்கு நடுவே பேச்சு குறைந்து போகிறது, சில இடங்களுக்கு நடுவே தேவைக்கு மேல் கூடிவிடுகிறது, அடைபட்ட வழியை விட்டு மூளை வேறு வழி தேடுகிறது என்றாள். ரோஹெலியோவால் முன்னே நடக்க முடியாமல் பின்னால் மட்டும் சரளமாக நடக்க முடிகிறதே, அது கூட அப்படியொரு வேறு வழியாக இருக்கலாம் என்றாள். நாங்கள் அதுவரை சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள் ஒன்று சொன்னாள். சிலருக்கு உடம்பில் ஒன்றும் தெரிவதற்கு முன்பே உள்ளே இந்த இணைப்புகள் மாற ஆரம்பித்திருக்குமோ என்று பார்க்கிறோம் என்றாள்.

நான் நேராகவே கேட்டேன், "அப்ப என் மகனுக்கு?"

"தனித்தனியா சொல்ல மாட்டோம்கா. இது கூட்டமா வச்சுப் பாக்கற ஆராய்ச்சி. ஒருத்தரோட படத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அவருக்குத் தெரிஞ்சுக்கணும்னா ரத்தப் பரிசோதனை தனியா இருக்கு. அவரா கேக்கணும்."

அவன் கேட்கவில்லை. நானும் கேள் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. அதுவரைக்கும் செருப்புச் சத்தம் சரியாக இருக்கிற வரை பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஒரே ஆறுதலையும் அவள் ஒரு வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டு மணிலாவுக்குப் போய்விட்டாள்.

ரோசெல் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். படகை விட்டு இறங்கியதும் ரோஹெலியோ கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். வழக்கம்போல் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினான். ஜெர்வின் அவனுக்கு எதிர்முகமாக நின்று, "வலது பக்கம் குழி மாமா, நேரா வாங்க, நேரா," என்று சொல்லிக்கொண்டே முன்னேறினான். கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் மாமனுக்குப் பிடிக்காது. இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்தால், அப்படி நடப்பதுதான் மரியாதை என்று தோன்றும். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த வாண்டுகள் எங்கள் பின்னால் சேர்ந்துகொண்டு தாங்களும் பின்பக்கமாக நடந்து காட்டினார்கள். நான் அரிசிப் பையால் ஒருவனை அடிக்க ஓங்கினேன்.

"விடுக்கா," என்றான் ரோஹெலியோ. "நல்லாத்தான் நடக்கிறானுங்க."

வீட்டு வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். ரோசெலின் அப்பா தேல்மோ கைகூப்பாத குறையாக வரவேற்றார். அவருக்குச் சொந்தமாக மீன்பிடிப் படகு உண்டு, நிதானமான மனுஷன். ரோசெலின் அம்மா சமையலறைக்கும் நடுவீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கோழிச் சாறு, வாழையிலையில் அவித்த தேங்காய்ப்பால் சோறு, தென்னைமரக் கள் எல்லாம் தயாராக இருந்தன. ரோசெல் பச்சை உடையில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டவுனில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண், மூக்கும் முழியுமாக இருப்பாள். ஜெர்வினைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். அவனுக்குக் காது சிவந்தது. அதைப் பார்த்தபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் மனசு இளகியது.

ரோஹெலியோ மோவாயில் விரலை வைத்துக்கொண்டு ஆரம்பித்தான். "ஆத்த தாண்டி வந்திருக்கோம். எங்க வீட்டுல ஒரு வாழக்கன்னு தனியா நிக்குது. உங்க கொல்லையில அதுக்கு ஜோடி ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டோம்."

"எங்க கொல்லையில மண்ணு நல்ல மண்ணு," என்றார் தேல்மோ. "பேத்து எடுத்துட்டுப் போனா வேற மண்ணுல புடிக்குமான்னு யோசனையா இருக்கு."

"ஊத்தற தண்ணியிலதான் இருக்கு."

"தண்ணியில மட்டுமா இருக்கு?"

அவ்வளவு நேரம் முறைப்படி சுற்றி வளைத்துப் பேசிய மனிதர், கள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு ஜெர்வின் பக்கம் திரும்பினார். "தம்பி, மணிலாவுல உன் மூளையப் படம் புடிச்சாங்களாமே. அதுல என்ன வந்துச்சு?"

"அது சொல்ல மாட்டாங்க மாமா. ஆராய்ச்சிக்கு எடுத்தது. ஒருத்தர் படத்த வச்சு ஒண்ணும் தெரியாதாம்."

"சொல்ல மாட்டாங்களா, சொல்ல வேணாம்னு நீங்க சொன்னீங்களா?"

"அப்பா," என்றாள் ரோசெல்.

"நீ இரு இன்டாய்," என்று மகளைச் செல்லமாக அடக்கினார். "பெத்தவன் கேக்காம வேற யாரு கேப்பா?"

கேட்கட்டும். எனக்கே பெண் இருந்தால் நானும் கேட்பேன். வாயைத் திறந்து கேட்பவனிடம் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து நான் வாசல் பக்கம் திரும்பினேன். அங்கே ரோசெலின் பெரியம்மா எஸ்தெலா குனிந்திருந்தாள். வெளியூரில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு தங்கை வீட்டோடு வந்து சேர்ந்தவள் அவள். இரண்டு பிள்ளைகளும் படகு கவிழ்ந்து போனார்கள் என்று ஊரில் சொல்வார்கள். வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகளில் என் மகனுடையதைத் தேடி எடுத்து, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள். பசை ஒட்டியிருக்க வேண்டும், விரலைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து, தங்கையைப் பார்த்து, "புதுசு," என்றாள்.

ஒரே ஒரு சொல். ரோசெலின் அம்மா சாறு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியைச் சட்டிக்குள் விட்டுவிட்டாள். தேல்மோ தரையைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தேய்ந்த செருப்போடு வந்திருந்தால் சந்தேகம் ஒரு பக்கம் இருந்திருக்கும், சமாதானம் ஒரு பக்கம் இருந்திருக்கும். இந்தக் கரையில் பெண் கேட்க வரும்போது மாப்பிள்ளைக்குப் புதுச்செருப்பு வாங்கிப் போடுகிறவள் எதையோ மறைக்கிறாள் என்றுதான் அர்த்தம். இது எனக்குத் தெரியாததா? எத்தனை வீட்டில் எத்தனை பேரின் புதுச்செருப்பைப் பார்த்து நானே உதட்டைப் பிதுக்கியிருப்பேன்.

எழுந்துவிட்டேன். "ஏம்மா, மாட்டுச் சந்தைக்கா வந்திருக்கோம், குளம்பத் தூக்கிப் பாக்க? என் மகன் முன்னாடியேதான உக்காந்திருக்கான். நடக்கச் சொல்லிப் பாருங்க. ஓடச் சொல்லிப் பாருங்க. திருட்டுத்தனமா வாசல்ல குனிஞ்சு மோந்து பாக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

"அம்மா, உக்காரும்மா," என்றான் ஜெர்வின்.

"நீ சும்மா இரு. அப்பவே மாமன மறைக்கலாம்னு சொன்னேன், ரெண்டு பேரும் கேக்கல. எல்லாத்தையும் தொறந்து காட்டுனா மதிப்பாங்கன்னு நெனச்சீங்க. பாத்துக்கங்க மதிப்ப."

எஸ்தெலா செருப்பைக் கீழே வைக்கவில்லை. உள்ளே வந்தாள். குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "திருட்டுத்தனமா பாக்கல. பகல்லதான் பாத்தேன். நான் பாப்பேன். என் மூத்தவனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சப்ப யாரும் பாத்துச் சொல்லல. அவன் பொண்டாட்டி புள்ளையோட தனியா நிக்கறா இன்னைக்கு."

"அக்கா, வேணாம்," என்றார் தேல்மோ.

"என்ன வேணாம்? படகு கவுந்துச்சுன்னு எத்தன வருஷம் சொல்றது? ரெண்டு பேரையும் லூபாக் கொண்டு போச்சு. சின்னவன் சாப்பாடு எறங்காம எலும்பா கெடந்து செத்தான். மூத்தவன் அதுக்குக் காத்திருக்கல, அவனாவே போயிட்டான். என் வீட்டுக்கு வந்ததே போதும், என் தங்கச்சி மகளுக்கு வேணாம்."

வேறொரு நாளாக இருந்தால் நான் போய் அவள் கையைப் பிடித்திருப்பேன். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரையும் தின்னக் கொடுத்தவள். ஆனால் கோபம் ஏறிய தலையில் வேறொன்று ஓடியது. வட்டம் பெண், கட்டம் ஆண் என்று தாளில் போட்டு, நோய் எந்த வழியாக இறங்குகிறது என்று டாக்டரம்மா விளக்கியது ஞாபகம் வந்தது. நான் ரோசெலின் அம்மாவைப் பார்த்தேன். பிறகு எஸ்தெலாவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு.

தேல்மோவுக்கு நான் என்ன யோசிக்கிறேன் என்று புரிந்திருக்க வேண்டும். அவசரமாகச் சொன்னார், "அது அக்கா வீட்டுக்காரர் வழி. அந்தாளு குடும்பத்துல இருந்துச்சு. எங்க பக்கம் இல்ல."

"அப்பன்கிட்டருந்து மகனுக்கு வராதுங்க," என்றேன். "பெத்தவகிட்டருந்துதான் வரும், அவ ஒடம்புல ஒண்ணும் தெரியாது. எனக்கும் என் தம்பிக்கும் அம்மா ஒருத்திதான். இந்த அக்காவுக்கும் ரோசெல் அம்மாவுக்கும் அம்மா ஒருத்திதான். என் மகன் செருப்பத் திருப்பிப் பாத்தீங்க. சரி. பொண்ணு செருப்ப யாரு திருப்பிப் பாக்கறது? அதுல என்ன தெரியும்? எங்க செருப்புல என்னைக்காவது எதாவது தெரிஞ்சிருக்கா?"

சொல்லும்போது என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. வெட்டிப் போட்ட மாதிரி இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் சன்னலோரம் பார்த்தேன். ரோசெல் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா இவளைப் பார்க்காமல் கரண்டியைச் சட்டிக்குள் தேடிக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண், ஜெர்வின் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் பக்கம் மட்டும் கணக்குப் போட்டிருக்கிறாள். தன் பக்கம் போட்டதே இல்லை. போட விடாமல் வீடு முழுக்கச் சேர்ந்து படகைக் கவிழ்த்து வைத்திருந்தது.

"அம்மா, பெரியம்மா பசங்க எப்படிப் போனாங்கன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து வாசலுக்குப் போனாள்.

ஜெர்வின் என்னை ஒரு பார்வை பார்த்தான். பெற்ற பிள்ளை அப்படிப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் பொறுக்காது. அவனும் எழுந்து அவள் பின்னால் போனான்.

நான் அங்கே நின்று என்ன செய்ய? எஸ்தெலாவின் கையிலிருந்த செருப்பைப் பிடுங்கக் கூடத் தோன்றவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், பின்கட்டு வழியாக இறங்கினேன். தம்பியைக் கூப்பிட்டேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். எங்கள் செருப்பு முன்வாசலிலேயே கிடந்தது. அதை எடுக்கப் போக எனக்கு மனம் வரவில்லை. வெறுங்காலோடு படகை நோக்கி நடந்தேன். வெயிலில் மணல் சுட்டது. சுடட்டும் என்று நடந்தேன்.

இவ்வளவு நாளும் யார் மேல் கோபப்பட்டேன்? கேமராவோடு வருகிறவர்கள் மேல், டாக்டரம்மா மேல், வாண்டுகள் மேல், செத்துப்போன என் அம்மா மேல் கூட. வாயில்லாமல் ரத்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிற ஒன்றின் மேல் எப்படிக் கோபப்படுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் கைக்கு எட்டிய ஒரு சின்னப் பெண்ணின் மேல் எறிந்துவிட்டு வந்திருக்கிறேன். அப்போதும் தணியவில்லை. திரும்பி அந்த வீட்டைப் பார்த்தால் இன்னும் எதையாவது கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது. திரும்பவே கூடாது என்று நடந்தேன்.

ரோஹெலியோ என் பக்கத்தில் பின்பக்கமாக நடந்து வந்தான். எனக்கு ஆறு தெரிந்தது. அவனுக்கு வீடு தெரிந்தது. முன்வாசல் இப்போது அவன் கண்ணுக்கு நேராக இருந்திருக்கும்.

"இடது பக்கம் கயிறு கெடக்கு. பாத்து," என்றேன். கயிற்றைத் தாண்டினான்.

"அந்தப் பொண்ணு படியில உக்காந்திருக்கா," என்றான்.

"எனக்குச் சொல்ல வேணாம்."

கொஞ்ச தூரம் வந்ததும் மறுபடியும் மோவாயில் விரலை வைத்தான். "தன்னோட செருப்பையே எடுத்து மடியில வச்சிருக்காக்கா. திருப்பித் திருப்பிப் பாக்குறா."

என் கால் நின்றுவிட்டது. திரும்பவில்லை. கையிலிருக்கிற கூடை காலி என்று அப்போதுதான் கவனித்தேன். நண்டும் கோழியும் அரிசியும் அவர்கள் வீட்டிலேயே இருந்தன. அவற்றை யாரும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஜெர்வின்?" என்றேன். "அவன் எங்க? அவன் என்ன பண்றான்?"

தம்பி வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எதையோ பார்த்துவிட்டான், அவன் கண்ணில் தெரிந்தது. வாயைத் திறக்கப் பார்த்தான். தாடை பூட்டிக்கொண்டது. விரலை மோவாயில் அழுத்தினான், இன்னொரு விரலையும் சேர்த்து அழுத்தினான், இளகவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, அந்த வீட்டின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் அவன் நின்றான். சுடுமணலில் வெறுங்காலோடு, திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.